பொட்டலத்தில் இல்லாத பேர்

ஆரம்பாக்கத்தில் எங்கள் அத்தை கருவாடு விற்கிறாங்க. கூடையைத் தலையில் வைத்துத் தெருத்தெருவாக நடந்து விற்றது ஒரு காலம். இப்போது வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து செல்போனில் விற்கிறாங்க. விடியுமுன் ஏரிக்கரைக்குப் போய் மடவையும் சென்னாக்கூனியும் வாங்கி வருவது, கழுவி உப்புப் போட்டு வெயிலில் காயவைப்பது, ஈ மொய்க்காமல் பார்த்துக்கொள்வது அவங்க வேலை. படம் பிடித்து வாட்ஸ்அப்பிலும் இன்ஸ்டாகிராமிலும் போடுவது, விலை எழுதுவது, துட்டு வந்துவிட்டதா என்று பார்ப்பது என் வேலை. நான் தமிழில் எம்.ஏ. படித்தவள். வீட்டிலிருந்தே மெய்ப்புத் திருத்துவது, மொழிபெயர்ப்பது என்று கிடைக்கிற வேலையைச் செய்து பிழைக்கிறேன். ஃப்ரீலான்ஸ் என்று சொன்னால் கௌரவமாக இருக்கிறது. அன்றாடங்காய்ச்சி என்றாலும் அதே அர்த்தம்தான்.

போன வருசம் வியாபாரம் கொஞ்சம் பெருகியதும் ஒரு சிக்கல் வந்தது. தெரிந்தவர்களுக்குக் காகிதத்தில் மடித்துக் கொடுத்த சரக்கைப் பொட்டலம் கட்டிச் சென்னைக்கு அனுப்ப வேண்டியிருந்தது. உணவுப் பொருளைப் பொட்டலத்தில் அடைத்து விற்றால் செய்தவர் பேரும் முழு முகவரியும் அதில் அச்சாகியிருக்க வேண்டும் என்பது சட்டம். நான் காகிதமும் பேனாவும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

"எம்மா, பேரு போட்டே ஆவணுமா?"

"ஆமா அத்தே. பேரு, தெரு, ஊரு, எல்லாம்."

"தெரு பேரைப் போட்டா வாங்குவாங்களா?"

எனக்குப் பதில் வரவில்லை. அத்தை பயந்த சுபாவம் கிடையாது. ஆனால் அவங்க கேட்டதற்குக் காரணம் இருந்தது. புதுசாகக் கருவாடு கேட்கிறவர்களில் சிலர் விலை கேட்பதற்கு முன்னால் வேறொன்று கேட்பார்கள்: "மீனவர் வீட்டுக் கருவாடுதானே?" இன்னும் சிலர் சுற்றி வளைக்காமல், "நீங்க எந்த ஆளுங்க?" கருவாட்டுக்கு எந்தக் கடல், எந்த ஏரி, உப்பு எவ்வளவு, என்றைக்குக் காய்ந்தது என்று கேட்டால் நியாயம். கை எந்தக் கை என்று கேட்கிறார்கள்.

வீட்டிலிருந்தே வேலை, முகம் தெரியாத வாடிக்கை, சாதி பார்க்காத சந்தை என்று இன்று பெரிதாகப் பேசுகிறார்கள். தொழில்நுட்பம் வந்துவிட்டது, சாதி போய்விடும் என்கிறார்கள். இதை நம்புவதற்கு முன் நம்ம ஏரிக்கரையின் பழைய கணக்கைக் கொஞ்சம் புரட்டிப் பார்க்கலாம். வீட்டில் உட்கார்ந்து வேலை செய்து தூரதேசத்துக்குச் சரக்கு அனுப்புவது இங்கே நேற்று ஆரம்பித்த விசயம் இல்லை. நானூறு வருசப் பழக்கம்.

எங்கள் ஊருக்குத் தெற்கே, இதே ஏரியின் வாய்முகத்தில், பழவேற்காடு இருக்கிறது. 1610இல் டச்சுக்காரர்கள் அங்கே கால் ஊன்றினார்கள். 1613இல் கெல்டிரியா கோட்டை எழும்பியது. 1690இல் நாகப்பட்டினத்துக்கு மாறும்வரை சோழமண்டலக் கரையில் அவர்களுடைய தலைமையிடம் அதுதான். அவர்கள் இங்கே வந்தது துணிக்காக. இந்தத் துணியைக் கொண்டுபோய்க் கிழக்குத் தீவுகளில் கொடுத்து, மிளகும் கிராம்பும் சாதிக்காயும் வாங்கினார்கள்.

அந்தத் துணி எங்கே நெய்யப்பட்டது? கோட்டைக்குள் தறி கிடையாது. ஆலை என்பதே அப்போது கிடையாது. சுற்றுவட்டார ஊர்களில் நெசவாளியின் வீட்டில், அவன் சொந்தத் தறியில், பெண்டாட்டி பிள்ளைகளின் கூலியில்லாத உழைப்பில் நெய்யப்பட்டது. கம்பெனி வியாபாரிக்குப் பணம் கொடுக்கும். வியாபாரி நெசவாளிக்கு முன்பணம் கொடுப்பான். முன்பணம் வாங்கியவன் அவனுக்குத்தான் துணி கொடுக்க வேண்டும். தரம் சரியில்லை என்று திருப்பினால் நட்டம் நெசவாளிக்கு. பஞ்சம் வந்து நூல் விலை ஏறினால் அதுவும் அவனுக்கு. இடம் அவனுடையது, கருவி அவனுடையது, ஆபத்தும் அவனுடையது. லாபத்துக்கு மட்டும் வேறு வீடு.

தறிக்கு நூல் எங்கிருந்து வந்தது? வீடுகளில் பெண்கள் நூற்ற நூல் அது. பல சாதிப் பெண்களும் நூற்றார்கள், சேரிப் பெண்களும் நூற்றார்கள். வயல் வேலை இல்லாத மாதங்களில் ராட்டைதான் கஞ்சி ஊற்றியது. நெசவிலும் நம்மவர்கள் இருந்தார்கள். 1909இல் தர்ஸ்டன் தொகுத்து வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகள் பற்றிய நூலில், பறையர் வழிவந்த கோலியர் என்ற நெசவுப் பிரிவினர் தஞ்சை, மதுரைப் பக்கம் இருந்தது பதிவாகியிருக்கிறது. பறையன் என்றால் பறை அடித்தவன், பிணம் சுமந்தவன் என்று மட்டும் பாடம் நடத்துகிறவர்கள் இந்தத் தறியைப் பற்றி வாய் திறப்பதில்லை.

துணிக்கு ஒரு பேர் கிடைத்தது. கட்டம் போட்ட கைக்குட்டைத் துணியை வெள்ளைக்காரர்கள் ஊரின் பேரால் 'புலிகட்' என்றே அழைத்தார்கள். அந்தச் சொல் திரிந்து ஆங்கில அகராதியிலும் ஏறிவிட்டது. பின்னால் ஸ்காட்லாந்து நெசவாளர்கள் அதே மாதிரித் துணி நெய்து அதே பேரில் விற்றார்கள். ஊரின் பேர் கடல் தாண்டிப் போனது. நெய்தவன் பேரோ, நூற்றவள் பேரோ பக்கத்து ஊர் வரைக்கும்கூடப் போகவில்லை. துணி ஏறிய அதே துறைமுகத்தில், பஞ்ச காலங்களில் விலைக்கு வாங்கப்பட்ட மனிதர்களும் அடிமைகளாகக் கப்பலேற்றிப் பட்டாவியாவுக்கு அனுப்பப்பட்டார்கள். துணியும் உருப்படிக் கணக்கு. மனிதரும் உருப்படிக் கணக்கு.

1825இல் பழவேற்காடு வெள்ளைக்காரன் கைக்குப் போயிற்று. ஆலைத்துணி வந்தது, ராட்டை நின்றது. ஏரி மிஞ்சியது. ஏரியாவது எல்லாருக்கும் பொதுவா? அதுவும் இல்லை. பழவேற்காட்டு ஏரியில் பாடு என்று ஒரு முறை உண்டு. இறால் நன்றாக விழுகிற இடங்களைப் பிரித்து, இன்ன நாளில் இன்னார் வலை கட்டலாம் என்று சீட்டுக் குலுக்கி முறை வைப்பார்கள். பட்டினவர் சாதியில், தலைக்கட்டுக் கணக்கில், ஆண்களுக்குத்தான் அந்த முறை. அவர்களுக்குள் சண்டை வராமல் இருக்க நல்ல ஏற்பாடுதான். அந்தச் சீட்டுக்குள் பேரே இல்லாதவர்களுக்கு அது மூடிய கதவு. இருளர் பெண்கள் இடுப்பளவு, கழுத்தளவுத் தண்ணீரில் இறங்கி, வாயில் பறியைக் கவ்விக்கொண்டு, கையால் துழாவி இறால் பிடிக்கிறார்கள். சேரி சனங்களும் கையால் தடவியும் சின்ன வலை வீசியும் பிடித்தவர்கள்தான். ஆனால் ஏரியில் மீன் பிடிக்கிற எல்லாரையும் மீனவர் என்று யாரும் சொல்வதில்லை. 'மீனவர் வீட்டுக் கருவாடுதானே' என்று செல்போனில் கேட்கிறவருக்கு இந்தக் கதை தெரியாது. தெரியாமலே சரியான இடத்தில் கை வைக்கிறார்.

அத்தைக்கு நான் சொன்ன இன்னொரு கதை பாபாசாகேப்பைப் பற்றியது. எல்லாரும் அவரைச் சட்டம் எழுதியவராக அறிவார்கள். அவர் கொஞ்ச நாள் சொந்தத் தொழில் செய்தவர் என்பது பலருக்குத் தெரியாது. 1917இல் வெளிநாட்டுப் படிப்பைப் பாதியில் விட்டுத் திரும்பினார். பரோடாவில் வேலைக்குப் போனார், தங்க இடம் கொடுக்காமல் விரட்டினார்கள். பம்பாய்க்கு வந்து பிள்ளைகளுக்குத் தனியாகப் பாடம் சொன்னார், கணக்கு எழுதினார். பங்குச் சந்தையில் பணம் போடுகிறவர்களுக்கு ஆலோசனை சொல்லும் தொழில் ஒன்றையும் தொடங்கினார். பொருளாதாரத்தில் அவ்வளவு படித்த ஆள், கூட்டம் வந்தது. அவர் மகார் என்று தெரிந்ததும் வாடிக்கையாளர்கள் வருவது நின்றது. கடையை மூட வேண்டியதாயிற்று. சொல்கிற யோசனையில் தீட்டு இருந்ததாம்!

1920 ஜனவரி 31இல் அவர் 'மூக்நாயக்' பத்திரிகை தொடங்கியபோது, அதற்கு ஒரு விளம்பரம் போடச் சொல்லிக் காசு கொடுத்தும் திலகரின் 'கேசரி' போட மறுத்தது. சுயராச்சியம் பிறப்புரிமை என்று முழங்கிய பத்திரிகை அது. விளம்பரத்துக்குக் காசு இருந்தால் போதும் என்பார்கள். நம்மகிட்டே காசு இருந்தாலும் இடம் கிடைப்பது வேறு விசயம்.

இதைக் கேட்டுவிட்டு அத்தை, "அவருக்கே அப்படின்னா நமக்கு இன்னா?" என்றாங்க. பிறகு கொஞ்ச நேரம் கழித்து, "உனக்கு அப்படி ஆயிருக்கா?" என்று கேட்டாங்க.

ஆயிருக்கிறது. ஒருவருக்கு ஒரு வருசத்துக்கு மேல் வீட்டிலிருந்தே மெய்ப்புத் திருத்திக் கொடுத்தேன். எல்லாமே மின்னஞ்சலில். என் தமிழை மெச்சி எழுதுவார். என் பேரில் சாதி தெரியாது. ஒருமுறை புத்தகம் அனுப்ப முகவரி கேட்டார். தெருப் பேரோடு அனுப்பினேன். அம்பேத்கர் பிறந்தநாள் கூட்டத்தில் நான் பேசிய படத்தையும் அந்த வாரம் முகநூலில் போட்டிருந்தேன். புத்தகம் வந்தது. அதற்குப் பின் வேலை வரவில்லை. கேட்டால், இப்போதைக்கு ஒன்றுமில்லை என்று பதில். திட்டவில்லை, காசு பாக்கி வைக்கவில்லை. காரணம் இதுதான் என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது. டீக்கடையில் தனி டம்ளர் வைத்தால் படம் பிடித்து வழக்குப் போடலாம். வராத வேலையைப் படம் பிடிக்க முடியுமா?

அப்படியானால் பேரை மறைத்துவிடலாமா? இந்தக் கேள்வியும் பழசு. நம்ம முன்னோர் இருவர் இதில் இரண்டு கட்சியாக நின்றார்கள். இரட்டைமலை சீனிவாசன் 1893இல் ஒரு பத்திரிகை தொடங்கி அதற்குப் 'பறையன்' என்றே பேர் வைத்தார். எந்தப் பேரைச் சொல்லி இழிவு செய்கிறார்களோ அந்தப் பேரோடுதான் நடுத்தெருவுக்கு வந்து உரிமை கேட்க வேண்டும், மறைந்து நின்று கேட்க முடியாது என்பது அவர் கட்சி. ஏழு வருசம் அந்தப் பேரிலேயே பத்திரிகை நடந்தது. அவருடைய மைத்துனர் அயோத்திதாசப் பண்டிதர் வேறு மாதிரி யோசித்தார். பறையர் என்பது பகைவர் நம்மீது சூட்டிய பேர், அதை நாம் ஏன் சுமக்க வேண்டும், நாம் இந்த மண்ணின் பூர்வ பௌத்தர் என்றார். 1907 ஜூன் 19இல் ராயப்பேட்டையிலிருந்து அவர் தொடங்கிய பத்திரிகைக்கு 'ஒரு பைசாத் தமிழன்' என்று பேர். அடுத்த வருசம் 'தமிழன்' ஆயிற்று. 1914இல் அவர் சாகும்வரை விடாமல் நடத்தினார். பண்டிதர் பிழைப்புக்குச் சித்த வைத்தியம் பார்த்தவர்.

ஒருவர் பேரை எடுத்து வீசினார், இன்னொருவர் பேரை மறுத்து வேறு பேர் சொன்னார். இரண்டு பேருமே ஒளியவில்லை. இதைக் கவனிக்க வேண்டும். பண்டிதர் சொன்னது மேல்சாதிக்காரன் போல வேசம் கட்டுகிற யோசனை கிடையாது. விலாசமும் அச்சகமும் ஆசிரியர் பேரும் இருவர் பத்திரிகையிலும் இருந்தன. அடுத்தவன் பத்திரிகையில் ஒரு மூலை கேட்டு நிற்காமல் தங்களுக்கென்று ஒரு தாளை அச்சடித்தார்கள்.

இன்றைக்கு நாம் வைத்திருக்கும் பக்கம் அப்படி நமக்கென்று உள்ளதா? இங்கேதான் நம்ம இளைஞர்கள் ஏமாந்து போகிறார்கள். வாட்ஸ்அப்பும் இன்ஸ்டாகிராமும் முகநூலும் ஒரே முதலாளியின் கம்பெனி. கடை வாடகை கேட்பதில்லை என்பதால் கடை நம்முடையது என்று நினைக்கிறோம். அத்தை போட்ட கருவாட்டுப் படம் யார் கண்ணில் படும், யார் கண்ணில் படாது என்பதை அந்தக் கம்பெனியின் கணக்கு முடிவு செய்கிறது. பாட்டுச் சீட்டைப் பஞ்சாயத்தில் வைத்தாவது குலுக்குவார்கள், யார் கை குலுக்கியது என்று தெரியும். இங்கே குலுக்குகிற கையே தெரியாது. துட்டு கட்டினால் படம் மேலே வரும். கட்டாவிட்டால் அடியில் கிடக்கும். ஒருநாள் கணக்கை முடக்கினால் வாடிக்கையும் போச்சு, பேசிய பேச்சும் போச்சு. தறி நெசவாளியுடையது, சந்தை கம்பெனியுடையது என்ற பழைய ஏற்பாடுதானே இது? செல்போன் அத்தையுடையது, மின்சாரம் அத்தையுடையது, மழை வந்து கருவாடு நனைந்தால் நட்டமும் அத்தையுடையது.

சட்டம் என்ன சொல்கிறது? வீட்டில் பீடி சுற்றியவர்களையும் தொழிலாளி என்று 1966ஆம் வருசச் சட்டம் ஏற்றுக்கொண்டது. போராடி வாங்கிய சட்டம். 1996இல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு வீட்டுவேலை உற்பத்தியாளர்களுக்காக 177ஆம் உடன்படிக்கையைக் கொண்டுவந்தது. இந்தியா அதில் கையெழுத்துப் போட்டு ஏற்கவில்லை. ஏற்றிருந்தாலும், சுயமாகத் தொழில் நடத்துகிறவர் அதில் அடங்கமாட்டார். 2020இல் போட்ட சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு வீட்டிலிருந்து வேலை செய்பவர், செயலி வழி வேலை செய்பவர், சுயதொழில் செய்பவர் என்று பேர்களை எழுதியிருக்கிறது. 2025 நவம்பர் 21இல் அது நடைமுறைக்கு வந்தது. பேர் எழுதியது நல்லதுதான். அத்தையிடம் சரக்கு வாங்க மறுத்தவர் மேல் அந்தச் சட்டத்தில் என்ன இருக்கிறது? ஒன்றுமில்லை. சட்டத்தின் கணக்கில் அத்தை சுயதொழில் செய்பவர், வாங்குகிறவர் இஷ்டப்பட்டால் வாங்குவார். கூலி மறுத்தால் வழக்கு, வேலை மறுத்தால் வழக்கு. வாங்க மறுத்தது சாதிக்காகத்தான் என்று வழக்கில் நிரூபிப்பது கடினம். தீண்டாமை இப்போது வாடிக்கையாளரின் விருப்பம் என்ற சட்டையைப் போட்டுக்கொண்டு வருகிறது.

இதே காலத்தில் வேறு விதமாகவும் நடந்திருக்கிறது. 2016இல் சந்திரபான் பிரசாத் இணையத்தில் மசாலாப் பொடியும் ஊறுகாயும் விற்க ஒரு வியாபாரம் தொடங்கினார். அதற்கு 'தலித் ஃபுட்ஸ்' என்று பேர். நம்ம கை தொட்டதைத் தின்னமாட்டேன் என்கிற நாட்டில், தொட்ட கையின் பேரையே டப்பாவின் நெற்றியில் ஒட்டினார். மும்பையில் சுதீர் ராஜ்பர் தான் தொடங்கிய பைத் தொழிலுக்கு 'சமார் ஸ்டுடியோ' என்று பேர் வைத்தார். தோல் தொழிலாளர் கைவேலை இன்று நல்ல விலைக்குப் போகிறது. வியாபாரம் செய்தால் சாதி ஒழியும் என்று இவர்கள் கட்சிக்காரர்கள் சொல்லும்போது நான் ஒத்துக்கொள்வதில்லை. நிலமும் ஏரியும் சந்தையும் யார் கையில் என்ற கேள்வி அப்படியே இருக்கிறது. ஆனால் 1893இல் சீனிவாசன் செய்ததுக்கும் இதுக்கும் ஒரு ரத்த உறவு இருக்கிறது. அதை மறுக்க முடியாது.

2025 ஏப்ரல் 29இல் முதலமைச்சர் ஸ்டாலின், 'காலனி' என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று சட்டமன்றத்தில் அறிவித்தார். அந்தச் சொல் வசையாக மாறிப் பல காலம் ஆயிற்று, போகட்டும். அத்தையிடம் சொன்னேன். அவங்க சிரித்தாங்க. "பேரை மாத்திட்டா போஸ்ட்மேனுக்குத் தெரியாதா? அம்பேத்கர் தெருன்னு போட்டாலும் எல்லாருக்கும் தெரியும். ஊருல தெரியாத தெரு எது?" என்றாங்க.

மூன்று நாள் அந்தக் காகிதம் வெறுமையாகவே கிடந்தது. நான் ஒரு யோசனை சொன்னேன். பொட்டலத்தில் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கிற தெரிந்தவர் கடை முகவரியைப் போடலாம், சட்டத்துக்குச் சமாளிக்கலாம். மேடையில் அம்பேத்கர் பற்றிப் பேசுகிற நான்தான் இதைச் சொன்னேன். வெட்கத்தோடுதான் எழுதுகிறேன். அத்தை ஒத்துக்கவில்லை. "நான் விடியக்காத்தால எழுந்து உப்பு போட்றேன். கடைக்காரன் பேர் எதுக்கு? என் பேரைப் போடு. தெருவையும் போடு. துன்றவன் துன்னட்டும்" என்றாங்க.

போட்டோம். அத்தை பேர், தெரு, ஆரம்பாக்கம், கும்மிடிப்பூண்டி வட்டம், திருவள்ளூர் மாவட்டம். பொட்டலத்தைப் படம் பிடித்து, முகவரி தெரிகிற மாதிரி வாட்ஸ்அப்பில் போட்டேன். வழக்கமாக வாங்குகிற சிலர் அந்த மாதம் கேட்கவில்லை. அடுத்த மாதமும் கேட்கவில்லை. புதுசாகச் சிலர் கேட்டார்கள். கூட்டிக் கழித்தால் வியாபாரம் முன்னைவிடக் குறைவுதான். வெற்றிக் கதை எழுதுகிறவர்களுக்கு இது உதவாது.

அத்தை எட்டாவது வரை படித்தவங்க. கம்பெனிக்காரன் ஒருநாள் கணக்கை முடக்கிவிடலாம் என்று நான் சொன்னதிலிருந்து ஒரு நோட்டு வாங்கி, வாங்குகிறவர்கள் பேர், போன் நம்பர், எவ்வளவு எடுத்தார்கள் என்று பேனாவால் எழுதி வைக்கிறாங்க. பெரிய எழுத்து, ஒரு பக்கத்துக்கு ஏழு பேர். 'எந்த ஆளுங்க' என்று கேட்டவர்கள் பேருக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் புள்ளி. முகவரி போட்ட பிறகு நின்றுபோனவர்களுக்கு இரண்டு புள்ளி. எதற்கு இது என்று கேட்டேன்.

"இருக்கட்டும். பின்னால யாருன்னா கேட்டா காட்றதுக்கு."

டச்சுக் கம்பெனியின் கணக்குப் புத்தகங்கள் நெதர்லாந்து ஆவணக் காப்பகத்தில் பத்திரமாக இருக்கின்றன. கப்பல் பேர் உண்டு, உருப்படி உண்டு, விலை உண்டு. அத்தையின் நோட்டு அரிசிப் பானைக்கு மேலே பலகையில் இருக்கிறது. அதில் வாங்கினவர்கள் பேர் இருக்கிறது.